பெயர் சூட்டினால் போதுமா?

நம் ஊர்களில் எந்தத் தெருமுனையில் நின்று பார்த்தாலும் 'மெடிக்கல்ஸ்' என்ற பெயர்ப்பலகை ஒன்று கண்ணில் படும். மருந்துக் கடைக்கு அதுவே பெயராகிவிட்டது. அலுவலகத்தில் எடுப்பது மெடிக்கல் லீவு. பெற்றோர் கனவு காண்பது மெடிக்கல் சீட்டு. வேற்றுமொழிச் சொல் என்ற எண்ணமே இல்லாமல் இதனை வழங்கி வருகிறோம். ஆனால், ஆங்கிலேயருக்கும் இது ஒரு காலத்தில் புதுச்சொல்லாகவே இருந்தது. 1646-ஆம் ஆண்டு அச்சேறிய ஒரு நூலில் இச்சொல்லைக் கையாண்டு வழக்குக்குக் கொண்டுவந்தவர், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நார்விச் நகரில் மருத்துவத் தொழில் செய்துவந்த தாமஸ் பிரவுன்.

அதே நூலில்தான் 'எலெக்ட்ரிசிட்டி' என்ற சொல்லும் ஆங்கிலத்துக்கு வந்தது. இல்லாததைக் காண்பதைக் குறிக்கும் 'ஹாலுசினேஷன்', நினைவிழந்து கிடக்கும் நிலையைக் குறிக்கும் 'கோமா', ஊன் உண்பவற்றைக் குறிக்கும் 'கார்னிவோரஸ்', மண்ணுக்கே உரியவற்றைக் குறிக்கும் 'இன்டிஜினஸ்' ஆகியவற்றுக்கும் அகராதியாளர்கள் நெடுங்காலம் முதற்சான்றாகக் காட்டி வந்தது அந்நூலையே. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் 700-க்கும் மேற்பட்ட சொற்களுக்கு முதற்சான்று பிரவுனின் எழுத்திலிருந்து தரப்பட்டுள்ளது. ஷேக்ஸ்பியர் போன்ற ஒரு சிலரை விட்டுவிட்டால், தனியொரு மனிதர் ஒரு மொழிக்கு இத்தனை சொற்களைத் தந்ததற்கு எடுத்துக்காட்டுகள் மிகச் சிலவே.

ஆனால், அச்சொற்களில் பெரும்பாலானவை இன்று உயிருடன் இல்லை. அவருடைய கையெழுத்தில் பிறந்து, அவருடைய நூலிலேயே அடங்கிப் போனவை அவை. ஒரே மருத்துவரின் கையிலிருந்து வந்த சொற்களில் சில உலகெங்கும் செல்ல, மற்றவை மாண்டு போனது ஏன் என்று கேட்டால், விடை மொழியியலோடு நின்றுவிடுவதில்லை. அது பிரவுனின் வாழ்க்கைக்குள்ளும், அவர் ஒருநாள் ஏறி நின்ற நீதிமன்றத்துக்குள்ளும் நம்மை அழைத்துச் செல்கிறது.

லண்டனில் 1605-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் பிறந்தவர் பிரவுன். தந்தை பட்டு வணிகர். பிரவுனுக்கு 8 வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார். சிறுவன் வின்செஸ்டர் பள்ளிக்கும், பின்னர் ஆக்ஸ்போர்டுக்கும் சென்று படித்தான். அங்கு முதுகலைப் பட்டம் பெற்றபின், அக்கால வழக்கப்படி மருத்துவம் கற்க ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார் பிரவுன். தென் பிரான்சின் மோன்பெலியே, இத்தாலியின் பதுவா, நெதர்லாந்தின் லெய்டன் ஆகிய மூன்றும் அந்நாளில் மருத்துவக் கல்விக்குப் புகழ்பெற்ற இடங்கள். மூன்றிலும் பயின்று, 1633-ஆம் ஆண்டு லெய்டனில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இந்த மூன்று நாடுகளிலும் மக்கள் பேசிய மொழிகள் வேறு. வகுப்பறையில் ஒலித்த மொழி ஒன்றே. அது லத்தீன். உடற்கூறு, நோய்க்குறி, மூலிகை என யாவும் லத்தீனிலேயே கற்பிக்கப்பட்டன. தாயகம் திரும்பிய ஓர் இளம் மருத்துவருக்குத் தம் தொழிலைப் பற்றிச் சிந்திக்கும் மொழி ஒன்றாகவும், நோயாளியிடம் பேசும் மொழி மற்றொன்றாகவும் இருந்தது. தமிழ்நாட்டில் உயர்கல்வி கற்ற எவருக்கும் இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

1637-ஆம் ஆண்டு நார்விச்சில் குடியேறினார். கம்பளி நெசவால் வளம்பெற்று, லண்டனுக்கு அடுத்த பெரு நகரங்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் அது. 1641-இல் டோரதி என்னும் பெண்ணை மணந்தார். பிள்ளைகள் பலர் பிறந்தனர். பலர் சிறுவயதிலேயே இறந்தனர். மருத்துவர் வீட்டையும் அக்காலத்துச் சாவு விட்டுவைக்கவில்லை. 45 ஆண்டுகள், இறக்கும் வரை, அதே நகரில் அவர் நோயாளிகளைக் கவனித்தார்.

இளமையில் தமக்காக எழுதி வைத்திருந்த ஒரு கையெழுத்துப் படி அவரைப் புகழின் வெளிச்சத்தில் நிறுத்தியது. 'ரிலிஜியோ மெடிசி' என்ற அந்நூலின் தலைப்புக்கு மருத்துவன் ஒருவனின் சமயம் என்று பொருள். நண்பர்களிடையே கைமாறிய படி ஒன்று அவர் அனுமதியின்றி 1642-இல் அச்சிடப்பட்டது. பிழை மலிந்த அப்பதிப்பைக் கண்டு, திருத்திய பதிப்பை அவரே 1643-இல் வெளியிட்டார். லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா முழுவதும் பரவிய அந்நூலைக் கத்தோலிக்கத் திருச்சபை தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. சமயத்தின் பெயரால் நாடு உள்நாட்டுப் போரில் வெந்துகொண்டிருந்த நேரம் அது. பிறர் நம்பிக்கையைப் பகைக்காமல் தன் நம்பிக்கையில் நிற்பது எப்படி என்பதை அந்நூல் பேசியது. அதில் இன்னொரு செய்தியும் இருந்தது. சூனியக்காரிகள் உண்மையிலேயே இருக்கிறார்கள் என்பதில் தமக்கு ஐயமில்லை என்று அவர் எழுதியிருந்தார். அவ்வரிகளை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அக்காலத்தில் பலரும் அப்படித்தான் நம்பினர்.

'மெடிக்கல்' என்ற சொல்லைத் தந்த நூல், 1646-இல் வெளிவந்த 'சூடோடாக்சியா எபிடெமிகா'. தொற்றுநோய்போல் பரவிவிட்ட பொய்க் கருத்துகள் என்று அத்தலைப்பை விளக்கலாம். மக்கள் உண்மையென நம்பிவந்த நூற்றுக்கணக்கான செய்திகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பழைய நூல்களாலும் பகுத்தறிவாலும் நேரடிச் சோதனையாலும் அவர் ஆராய்ந்தார்.

யானையின் காலில் மூட்டு இல்லை; எனவே அது படுக்க இயலாமல் மரத்தில் சாய்ந்தே உறங்கும்; அந்த மரத்தை அறுத்துவிட்டால் விழுந்த யானையைப் பிடித்துவிடலாம் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பிவந்தனர். கோயில் யானை மண்டியிடுவதைக் கண்ட நம் ஊர்க் குழந்தை சிரிக்கும். யானையைக் காணாத நாட்டில் ஏட்டுச் செய்தியே உண்மையாக நின்றது. சில ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் காட்சிக்குக் கொண்டுவரப்பட்ட யானை மண்டியிட்டதையும் படுத்ததையும் பலர் கண்டதைச் சுட்டி, பிரவுன் அந்நம்பிக்கையை மறுத்தார்.

இறந்த மீன்கொத்தியைக் கட்டித் தொங்கவிட்டால் அதன் மார்பு காற்று வீசும் திசையைக் காட்டும் என்பது மற்றொரு நம்பிக்கை. பிரவுன் பட்டு நூலில் மீன்கொத்தியைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரே அறையில் இரண்டைத் தொங்கவிட்டபோது, அவை ஆளுக்கொரு திசையைக் காட்டின. தேரைக்கும் சிலந்திக்கும் தீராப் பகை என்றனர். கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு தேரையையும் சில சிலந்திகளையும் விட்டுக் கவனித்தார். சிலந்திகள் தேரையின் தலைமீதே ஏறி உட்கார்ந்தன. தேரை வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கி, சில மணி நேரத்தில் 7 சிலந்திகளைத் தீர்த்துவிட்டது. பகையாவது ஒன்றாவது, இது வெறும் உணவு.

இந்நூலை லத்தீனில் எழுதியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். தம் நாட்டு மக்களுக்குக் கடன்பட்டிருப்பதாகக் கருதி ஆங்கிலத்தில் எழுதினார். அங்குதான் இடர் தொடங்கியது. சிந்தனை லத்தீனில் ஓடியது. அதைக் கொள்ளும் சொற்கள் ஆங்கிலத்தில் இல்லை. எனவே, லத்தீன் வேர்களைப் பிடுங்கி ஆங்கில மண்ணில் நட்டார். இப்படியே போனால் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள லத்தீன் படிக்க வேண்டிய நாள் வரும் என்று நூலின் முன்னுரையில் அவரே கவலைப்பட்டார். அந்நிலைக்கு அவரைவிட மிகுதியாகப் பங்களித்தவர் யாரும் இல்லை என்பது வேறு செய்தி.

அவர் உருவாக்கியவற்றுள் பெயரடைகளே மிகுதி. ஒரு பெயர்ச்சொல்லின் தன்மையைச் சொல்ல அதற்குமுன் நிற்கும் சொல் பெயரடை. தமிழில் நமக்கு இதில் தொல்லை குறைவு. கண் நோய், பல் மருத்துவம், நுரையீரல் அழற்சி என்று பெயரையே முன்வைத்து முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தின் நிலை வேறு. கண்ணுக்கு 'ஐ' என்பது நாட்டுச் சொல். கண்ணைச் சார்ந்தது 'ஆக்குலர்' என லத்தீனாகிவிடும். பல் 'டூத்', பல்லைச் சார்ந்தது 'டென்டல்'. நுரையீரல் 'லங்', அதைச் சார்ந்தது 'பல்மனரி'. பெயர் வீட்டில் பிறந்தது. அதன் அடைமொழி வெளியூரிலிருந்து வந்தது. ஆங்கில மருத்துவ நூலைத் திறக்கும் மாணவர் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். இந்த இரட்டைக் கணக்கைப் பெருக்கியவர்களில் பிரவுன் முதன்மையானவர்.

மாண்டுபோன சொற்களில் சிலவற்றைப் பார்க்கலாம். முயலைப் பற்றி எழுதும்போது, பின்னோக்கிச் சிறுநீர் கழிக்கும் விலங்குகளைக் குறிக்க 'ரெட்ரோமின்ஜென்ட்' என்றொரு பெயரடையை ஆக்கினார். அகன்ற அலகுடைய பறவைகளுக்கு 'லேடிரோஸ்ட்ரஸ்' என்றார். பிளவுபட்ட குளம்புடைய விலங்குகளுக்கு 'பைசல்கஸ்'. சொட்டுச் சொட்டாக வடிந்து உருவாவதற்கு 'ஸ்டிலிசிடியஸ்'. இன்று இச்சொற்களைச் சொன்னால் ஆங்கிலப் பேராசிரியரும் அகராதியைத் தேடி எழுந்து செல்வார்.

வாழ்ந்த சொல் ஒன்றையும் பார்க்கலாம். கிளாஸ்டன்பரி என்னும் ஊரில் இருந்த முள்மரம் ஒன்று கிறிஸ்துமஸ் நாளில் பூப்பதை மக்கள் அற்புதமாகப் போற்றினர். பருவத்துக்கு முந்திக் குளிர்காலத்திலேயே பூக்கும் மரங்கள் ஐரோப்பாவில் பல இடங்களில் உள்ளன என்று விளக்கிய பிரவுன், அவற்றைக் குறிக்கப் 'பிரிகோஷஸ்' என்ற பெயரடையை 1650-ஆம் ஆண்டுப் பதிப்பில் கையாண்டார். வயதுக்கு மீறிய அறிவுள்ள குழந்தைகளை இன்று ஆங்கிலத்தில் அச்சொல்லால்தான் குறிக்கிறார்கள். முந்திப் பூத்த மரத்துக்குச் சூட்டிய பெயர், முந்தி அறிவு மலர்ந்த பிள்ளைக்குச் சென்று சேர்ந்தது. தாவரத்தை விட்டு மனிதரிடம் வந்ததால் அது பிழைத்தது.

நான் பொருளியல் கற்பித்தவன். நாணயத்தை அச்சிடுவது அரசு. அது செல்லுமா என்பதை முடிவு செய்வது சந்தை. வாங்குவோரும் விற்போரும் கைநீட்டிப் பெற்றுக்கொள்ளாத நாணயம், எவ்வளவு அழகாக வார்க்கப்பட்டிருந்தாலும் உலோகத் துண்டே. சொல்லும் அப்படித்தான். 'மெடிக்கல்' என்ற சொல்லுக்கு மருத்துவர், நோயாளி, வணிகர், அரசு என அனைவரிடமும் தேவை இருந்தது. அகன்ற அலகு என்று இரண்டு எளிய சொற்களால் வாத்தைச் சொல்லிவிட முடிகிறபோது, 'லேடிரோஸ்ட்ரஸ்' யாருக்குத் தேவை? சொல்லைப் படைத்தவரின் புலமை அதன் ஆயுளைக் கூட்டுவதில்லை.

காலமும் அவருக்கு எதிராகத் திரும்பியது. 1660-இல் லண்டனில் தோன்றிய ராயல் சொசைட்டி, அறிவியலை அலங்காரமற்ற எளிய மொழியில் எழுத வேண்டும் என்று வற்புறுத்தியது. பிரவுன் அதன் உறுப்பினராகவே இல்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, சுவீடனின் லின்னேயஸ் தாவரங்களை விவரிக்கும் லத்தீன் சொற்களை வரையறுத்து, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று முறைப்படுத்தினார். முறை வந்தபின், தனியொருவர் மனம்போல் ஆக்கிய சொற்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

ஆயினும், அவர் சொற்களை விளையாட்டுக்காக அடுக்கியவர் என்று எண்ணிவிடக் கூடாது. 1658-இல் வெளிவந்த 'சைரசின் தோட்டம்' என்ற நூலில், நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து புள்ளிகள் அமையும் வடிவத்தை இயற்கை எங்கெல்லாம் விரும்புகிறது என்று தேடினார். சூரியகாந்தி விதைகள் பதிந்திருக்கும் குழிகளைத் தேனடை போன்றவை என்று கண்டு 'ஃபேவஜினஸ்' என்று பெயரிட்டார். அச்சொல் மறைந்தது, அவர் கண்டது மறையவில்லை.

ரோஜா மொட்டைப் பற்றி அவர் எழுதியது இன்னும் வியப்பளிக்கிறது. ரோஜாவின் புல்லி இதழ்கள் ஐந்து. அவற்றுள் இரண்டுக்கு இருபுறமும் மயிர்போன்ற விளிம்பு உண்டு. இரண்டுக்கு அறவே இல்லை. ஒன்றுக்கு மட்டும் ஒருபுறம் உண்டு, மறுபுறம் இல்லை. ஐந்து சகோதரர்கள் என்ற பெயரில் இது ஒரு விடுகதையாகவே வழங்கி வந்தது. பிரவுன் மொட்டைக் கூர்ந்து நோக்கினார். மொட்டு மூடியிருக்கும்போது வெளியே நிற்கும் இரண்டு இதழ்களுக்கு இருபுறமும் விளிம்பு வளர்கிறது. உள்ளே மறைந்திருப்பவற்றுக்கு இல்லை. ஒருபுறம் மூடி மறுபுறம் திறந்திருக்கும் ஐந்தாவதற்குப் பாதி மட்டும். விடுகதை அவிழ்ந்தது. இந்த அடுக்குமுறையைத் தாவரவியல் மாணவர்கள் இன்றும் 'குவின்கன்ஷியல்' இதழமைவு என்றே படிக்கிறார்கள். பார்வையும் பெயரும் ஒன்றுசேர்ந்த இடம் இது.

அந்நூலோடு சேர்ந்து வெளிவந்த மற்றொரு நூல் ஈமத்தாழிகளைப் பற்றியது. நார்ஃபோக்கில் ஒரு வயலில் 40-க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. உள்ளே எரிந்த எலும்புகள். அவை ரோமானியருடையவை என்று அவர் கருதினார். பிற்கால ஆய்வு அவற்றை ஆங்கிலோ சாக்சன் காலத்தவை என்று காட்டியது. ஆனால், அவ்வெலும்புகளை முன்னிறுத்தி, புகழும் கல்லறையும் மனிதனைக் காப்பாற்றா என்று அவர் எழுதியவை ஆங்கில உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றன. பத்தாண்டுகள் மண்ணில் கிடந்த ஓர் உடலின் கொழுப்பு சோப்புக் கட்டிபோல் மாறியிருந்ததையும் அவர் அதில் பதிவு செய்தார். தடய மருத்துவம் இன்று நன்கறிந்த அம்மாற்றத்தின் முதல் விவரிப்பு அதுவே எனக் கருதப்படுகிறது.

இத்தகைய கண்களை உடையவர்தான் 1662-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகர நீதிமன்றத்தில் இருந்தார். லோவெஸ்டாஃப்ட் என்னும் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஏமி டெனி, ரோஸ் கல்லண்டர் என்ற இரண்டு வயதான கைம்பெண்கள் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தனர். சிறுமியர் சிலருக்கு வலிப்பு வந்தது. அவர்கள் குண்டூசிகளைக் கக்கினர் என்பது புகார். நீதிபதி மாத்யூ ஹேல், சட்ட அறிவுக்கும் நேர்மைக்கும் நாடறிந்தவர். அங்கிருந்த புகழ்பெற்ற மருத்துவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது.

பிரவுன் முதலில் சொன்னது மருத்துவம். சிறுமியரின் வலிப்பு இயற்கையானதே. கருப்பையிலிருந்து எழுவதாக அக்கால மருத்துவர்கள் நம்பிய ஒரு நோய் அது என்றார். இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்ட 'ஹிஸ்டீரியா' என்ற பெயரும் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வந்தது. அவர் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த இயற்கையான நோயையே சாத்தான் பயன்படுத்திப் பெரிதாக்குகிறான். சூனியக்காரிகளின் தீய எண்ணத்துக்கு அவன் துணைபோகிறான். டென்மார்க்கிலும் அண்மையில் இதேபோல் குண்டூசிகளோடு கூடிய நிகழ்வு நடந்துள்ளது என்றார். சிறுமியர் சூனியத்துக்கு ஆளானவர்களே என்பது அவருடைய முடிவு.

அதன் பிறகு ஒரு சோதனை நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட பெண் தொட்டால் மட்டுமே சிறுமி துடிப்பாள் என்று சொல்லப்பட்டது. சிறுமியின் கண்ணை மறைத்து, வேறொரு பெண்ணைத் தொடச் செய்தனர். அப்போதும் சிறுமி அதேபோல் துடித்தாள். சோதனையைக் கண்ட கனவான்கள் சிலர் இது வெறும் ஏமாற்று என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மீன்கொத்திகள் இரண்டைத் தொங்கவிட்டுப் பொய்யைப் பிடித்த அதே வகைச் சோதனை இது. அன்று அதைச் செய்தவர் பிரவுன் அல்லர். அதன் முடிவைக் கண்டு அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகவும் பதிவு இல்லை. நடுவர்கள் அரை மணி நேரத்தில் குற்றம் உறுதி என்றனர். இரண்டு பெண்களும் தூக்கிலிடப்பட்டனர்.

பிரவுன் வாய் திறக்காவிட்டாலும் தீர்ப்பு அதுவாகவே இருந்திருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால், ஊர்ப்பேச்சுக்கும் கற்றவர் சாட்சிக்கும் எடை ஒன்றல்ல. அவ்வழக்கின் விவரம் 1682-இல் சிறுநூலாக அச்சிடப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1692-இல், அமெரிக்காவின் சேலம் நகரில் நடந்த சூனிய விசாரணைகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. அங்கு 19 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

பொய்க் கருத்துகளை வேட்டையாடியவர் எப்படி இதற்கு உடன்பட்டார்? விடை அவர் நூலிலேயே இருக்கிறது. மனிதர் ஏன் தவறாக நம்புகிறார்கள் என்பதற்கு அதன் முதற் பகுதியில் காரணங்களை வரிசைப்படுத்தினார். மனித இயல்பின் குறை, பிழையான தருக்கம், எதையும் நம்பும் சோம்பல், பழைமைமீதும் பெரியோர் வாக்கின்மீதும் கொண்ட பற்று என்று அடுக்கிவந்தவர், கடைசியில் எல்லாப் பிழைகளுக்கும் தூண்டுகோல் சாத்தானே என்று முடித்தார். பிழைகளின் பட்டியலுக்குள்ளேயே பெரும்பிழை ஒன்று அமர்ந்திருந்தது. யானையின் மூட்டையும் தேரையின் வயிற்றையும் சோதித்த அவர், அதை மட்டும் சோதிக்கவில்லை.

எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம், பெயர் சூட்டும் பழக்கம் தரும் மயக்கம். வலிப்புக்குப் பெயர் சொன்னவுடன், அதை அறிந்துவிட்டதாக அவைக்கும் தோன்றுகிறது, சொன்னவருக்கும் தோன்றுகிறது. அந்த நம்பிக்கையின் தோளில் ஏறிக்கொண்டு, அடுத்து வரும் அறியாமையும் அறிவாக வேடம் பூணுகிறது. ரோஜா மொட்டில் பார்வை முன்னே சென்றது, பெயர் பின்னே வந்தது. நீதிமன்றத்தில் பெயர் முன்னே வந்தது. பார்வை வரவே இல்லை.

வாழ்க்கை அவருக்குத் தொடர்ந்து மதிப்பையே தந்தது. 1671-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் நார்விச்சுக்கு வந்தபோது அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். நகர மேயருக்கு அளிக்க முன்வந்த பட்டத்தை அவர் மறுத்ததால் அது பிரவுனுக்குப் போயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதே ஆண்டு அவருடைய இல்லத்துக்கு வந்த நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின், அங்கிருந்த நூல்களையும் செடிகளையும் பறவை முட்டைகளின் சேகரிப்பையும் கண்டு வியந்து எழுதினார். மகன் எட்வர்டும் மருத்துவரானார். பின்னாளில் லண்டன் மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்புக்கும் உயர்ந்தார். 1682-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், தம் 77-ஆவது பிறந்த நாளிலேயே பிரவுன் இறந்தார். அவ்வழக்கின் சிறுநூல் அச்சேறியதும் அதே ஆண்டுதான்.

பிற்காலம் அவரை மறக்கவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் பிரவுனின் எழுத்துகளிலிருந்து ஏராளமான மேற்கோள்களை எடுத்தாண்டார். வேறு எவரும் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத சொற்களும் அதனால் அகராதியில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டே பிரவுனின் வரலாற்றையும் எழுதிய ஜான்சன், பல மொழிகளைக் கலந்து நெய்த அந்நடையின் குறையையும் வலிமையையும் ஒருசேர எடுத்துக்காட்டினார். நவீன மருத்துவக் கல்வியின் முன்னோடியான வில்லியம் ஆஸ்லர் வாழ்நாள் முழுவதும் 'ரிலிஜியோ மெடிசி' நூலை உடன் வைத்திருந்தார். 1919-இல் ஆஸ்லர் இறந்தபோது அவரது சவப்பெட்டியின்மீது அந்நூலே வைக்கப்பட்டது.

தோண்டி எடுக்கப்படும் எலும்புகளுக்காக இரங்கி எழுதியவருக்கு அதே கதி நேர்ந்தது. 1840-இல் நார்விச்சின் புனித பீட்டர் மான்கிராஃப்ட் தேவாலயத்தில் வேலை செய்தவர்கள் தற்செயலாக அவருடைய சவப்பெட்டியை உடைத்தனர். மண்டையோடு வெளியே போயிற்று. கைமாறி, நகர மருத்துவமனையின் காட்சிக்கூடத்தில் நெடுங்காலம் இருந்தது. 1922-இல்தான் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. தேவாலயப் பதிவேட்டில் இறந்தவரின் வயதை 317 என்று எழுதினார்கள்.

இன்றும் மருத்துவர்கள் பெயரடைகளைச் சூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'இடியோபதிக்' என்ற ஒன்று மருத்துவ அறிக்கைகளில் அடிக்கடி வரும். அதைக் கண்டு நடுங்கிய உறவினர் ஒருவர் என்னிடம் பொருள் கேட்டார். காரணம் தெரியவில்லை என்பதே அதன் பொருள் என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. இத்தனை பெரிய சொல்லுக்கு இத்தனை சிறிய பொருளா என்றார். என் துறையும் விதிவிலக்கன்று. விலைவாசியும் வேலையின்மையும் ஒருசேர ஏறும் நிலைக்கு 'ஸ்டேக்ஃப்ளேஷன்' என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்ததனால் ஒரு தொழிலாளிக்கும் வேலை கிடைத்துவிடவில்லை.

கலைச்சொற்கள் வேண்டாம் என்பது என் கருத்தன்று. சொல் இல்லாமல் துறை இல்லை. பிரவுன் தந்த சொற்கள் இல்லாமல் ஒரு நாளைக்கூட உலகம் இன்று கடக்க இயலாது. ஆனால், சொல் என்பது ஆய்வின் தொடக்கம். அதை முடிவாகக் கொண்டால் ஆபத்து. ஓர் அறிஞர் அரிய சொல் ஒன்றைச் சொல்லும்போது, அதற்குப் பின்னால் அவர் எதைப் பார்த்தார் என்று கேட்கும் உரிமை எளிய மனிதருக்கு உண்டு. மருத்துவமனையானாலும் நீதிமன்றமானாலும் பட்ஜெட் உரையானாலும் அக்கேள்வி எழ வேண்டும். 1662-ஆம் ஆண்டு அந்த நீதிமன்றத்தில் கண்ணை மறைத்துச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு லத்தீன் தெரிந்திருந்ததா என்பது முக்கியமல்ல. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள். அதற்குச் செவிசாய்த்திருந்தால் இரண்டு முதிய பெண்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.